நாவற்கொட்டையும் குளிசையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். அரைவாசிக்கு மேல் சலரோகம், கொலஸ்ரோல், ஈரல் கொழுப்பு பற்றியவை. அவற்றில் திரும்பத் திரும்ப ஒரே சொல்: பொலிபீனோல். தாவரத்தில் இருக்கும் இந்தப் பொருள் சீனியைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். ஆகவே முழங்கால் நோக் கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டொக்டர் அம்மா, எனக்கு 58 வயது. ஒன்பது வருடமாகச் சலரோகம். காலையும் இரவும் மெற்போமின் போடுகிறேன். இரண்டு மாதமாக வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி நாவற்கொட்டைத் தூளும் கரைத்துக் குடிக்கிறேன். அதிலுள்ள பொலிபீனோல், இன்சுலின் சுரக்கும் சதையியைப் புதுப்பிக்கும் என்கிறார்கள். இனிக் குளிசையை நிற்பாட்டலாமா?
– வாசகர், கொக்குவில்

நிற்பாட்ட வேண்டாம், ஐயா. இதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சக் கதை.

நாவற்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகும், வாய் கயர்க்கும். அந்த ஊதா நிறம் அந்தோசயனின் என்ற பொலிபீனோல். அந்தக் கயர்ப்பு தனின் என்ற இன்னொரு பொலிபீனோல். உமிழ்நீரிலுள்ள புரதத்தைத் தனின் பிடித்துத் திரள வைக்கிறது. அதனால்தான் வாய் வறண்டு இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறது. வெயில், பூச்சி, பூஞ்சணம் என்பவற்றிலிருந்து தன்னைக் காக்க மரஞ்செடிகள் செய்துகொள்ளும் பொருட்கள் இவை. ஆயிரக்கணக்கில் வகை உண்டு. வாழைக்காயை வெட்டினால் கை கறுக்கிறதே, அதுவும் இவற்றால்தான். நெல்லிக்காய், மாதுளந்தோல், கடும் சாயத் தேத்தண்ணி எல்லாவற்றிலும் உள்ள கயர்ப்பு இதே குடும்பம்.

புரதத்தைப் பிடிக்கும் அந்தக் குணம் குடலுக்குள்ளும் வேலை செய்கிறது. சோற்றிலுள்ள மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்களும் புரதங்கள்தானே. அவற்றைப் பொலிபீனோல்கள் கொஞ்சம் மந்தப்படுத்துகின்றன. அதனால் சாப்பிட்ட பிறகு சீனி ஒரேயடியாக ஏறாமல் மெல்ல ஏறும். அகார்போஸ் என்ற குளிசை செய்வதும் இதே வேலைதான், ஆனால் அளந்து, பலமாகச் செய்கிறது. நொதியத்தோடு முடிந்த பிறகு, உண்ட பொலிபீனோலில் மிகச் சிறு பங்கே சிறுகுடலில் இரத்தத்துக்குள் போகிறது. மற்றதெல்லாம் பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பற்றீரியாக்களால் வேறு சிறு பொருட்களாக உடைக்கப்படுகிறது. நன்மையில் பெரும்பங்கு அந்த உடைந்த பொருட்களால் வருகிறது என்றே இப்போது கருதப்படுகிறது. மாதுளம்பழத்திலிருந்து யூரோலிதின் என்ற ஒன்று அப்படி உருவாகிறது. அதை உருவாக்கும் பற்றீரியா எல்லோருடைய குடலிலும் இல்லை. "பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுகம் வந்தது, எனக்கு வரவில்லையே" என்று கேட்பவர்களுக்கு இது ஒரு காரணம்.

நாவற்கொட்டைக்கு வருவோம். இன்சுலின் 1921 இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்படும் முன்னரே, எங்கள் நாட்டு வைத்தியர்கள் மட்டுமல்ல, ஐரோப்பிய மருத்துவர்களும் இதைச் சலரோகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். எலிகளில் சீனி குறைந்ததாக நிறைய ஆய்வுகள் உண்டு. பிரேசிலில் நாவலிலைத் தேநீரை மனிதருக்கு முறைப்படி கொடுத்துப் பார்த்தபோது சீனி குறையவில்லை. கெட்டுப்போன சதையியை நாவற்கொட்டை புதுப்பித்தது என்று மனிதரில் யாரும் காட்டவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னுடைய ஐயாவும் இதே தூளைக் குடித்தவர்.

கரவெட்டியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1990 இல் பாதை பூட்டி, பொருளாதாரத் தடை வந்தபோது அவருக்குச் சலரோகம் பிடித்து நாலு வருடம். குளிசை கிடைக்கும் மாதமும் உண்டு, கிடைக்காத மாதமும் உண்டு. அம்மா நாவற்கொட்டையைக் கழுவி, முற்றத்தில் பாயில் காயப்போட்டு, உரலில் இடித்து, ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைப்பா. 1995 இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வந்தபோது நாங்கள் உறவுக்காரரோடு தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். அங்கேயும் அந்தப் போத்தல் இருந்தது. எப்போதாவது சீனி பார்க்கக் கிடைத்தால், ஆச்சரியமாக, நல்ல அளவில் இருக்கும். "பார்த்தாயா பிள்ளை, உன்ரை இங்கிலிஸ் மருந்தைவிட இது திறம்" என்று ஐயா சொல்லுவார். நான் அப்போது இளம் டொக்டர். எனக்கும் அது உண்மைதானோ என்று பட்டது.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. குளிசை தாராளமாக வந்தது. ஐயா தூளைத்தான் நம்பினார். குளிசையை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு "போட்டேன்" என்பார். இரண்டு வருடம் கழித்து, வலது கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறவேயில்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தில் பாதியையும் எடுத்தார்கள்.

அந்தப் பஞ்ச காலத்தில் அவருடைய சீனியைக் கட்டுப்படுத்தியது எது என்று பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அப்போது சீனி விற்ற விலைக்கு வெறும் பிளேன்ரீதான். கோதுமை மாவும் எண்ணெயும் அருமை. மண்ணெண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாது. கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் சைக்கிளில் வந்து போவார். இரண்டு நேரச் சாப்பாடு, அதுவும் அளவாக. 52 கிலோ நிறை. அந்தப் பட்டினியும் சைக்கிளும்தான் அவரைக் காப்பாற்றின. பேர் போனது நாவற்கொட்டைக்கு. பாதை திறந்ததும் பாணும் பட்டரும் சோடாவும் மோட்டார் சைக்கிளும் வந்தன. தூள் அதே தூள்தான். சீனி மட்டும் 280, 300 என்று போனது.

ஆகவே ஐயா, தூள் குடிக்க விருப்பமானால் குடியுங்கள், ஆனால் கிளினிக்கில் அதைச் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவராக இருந்தால், சீனி இறங்கி மயக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைச் செய்யுங்கள். அந்த இலக்கம்தான் பேச வேண்டும். குளிசையைக் குறைப்பதோ கூட்டுவதோ அதைப் பார்த்து உங்கள் டொக்டர் செய்வார்.

கேள்வி: சீனியை விட்டுவிட்டேன். குட்டான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு தரம் பிளேன்ரீ குடிக்கிறேன். தேயிலையில் நல்ல சத்து இருக்கிறது, பால் விட்டால் அது செத்துப்போகும் என்கிறார்கள். சரியா? எனக்கு இரத்தமும் குறைவு.
– வாசகி, சாவகச்சேரி

தங்கச்சி, பிளேன்ரீ நல்லது. தேயிலைக் கொழுந்தை உருட்டி, புளிக்கவிட்டு, காயவைக்கும்போது அதிலுள்ள கற்றெக்கின்கள் தியாபிளேவின் என்று மாறுகின்றன. சாயத்தின் செம்மையும் பளபளப்பும் அதனால்தான். பாலிலுள்ள புரதம் அவற்றில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. உடம்பில் அதனால் எவ்வளவு நட்டம் என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பாலுக்காகப் பயப்படத் தேவையில்லை.

எனக்குப் பயம் பனங்கட்டியில்தான். கருப்பணியைக் காய்ச்சி எடுத்தாலும் அதில் பெரும்பகுதி சுக்குரோசு, கடைச் சீனியிலிருக்கும் அதே பொருள். கொஞ்சம் கனியுப்பும், காய்ச்சும்போது வந்த நிறமும் மணமும் கூட இருக்கின்றன, அவ்வளவுதான். பனை எங்கள் மரம், அதன்மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் ஆறு தேத்தண்ணிக்கு ஆறு துண்டு பனங்கட்டி என்றால், சீனியை விட்டதாக ஆகாது. ஒரு துண்டை ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஐந்தும் வெறுமனே குடித்துப் பழகுங்கள். பதினைந்து நாளில் நாக்கு பழகிவிடும்.

இரத்தக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இக்கடிதத்தில் முக்கியம். தேயிலையின் பொலிபீனோல் கீரை, பருப்பிலுள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மரக்கறிச் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் இரும்பு ஏறுவது பாதிக்கு மேல் குறைந்துபோகலாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடியுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாக ஏறும்.

கேள்வி: எனக்கு ஈரல் கொழுப்பு. கனடாவிலிருக்கும் மகள் மஞ்சள் குளிசையும் பச்சைத் தேயிலைக் குளிசையும் அனுப்பியிருக்கிறா. கறியில் மஞ்சள் போட்டுத்தானே சாப்பிடுகிறோம், குளிசையாகச் சாப்பிட்டால் இன்னும் நல்லதல்லவா?
– வாசகி, மானிப்பாய்

பிள்ளையின் அன்பு பெரிது, அம்மா. ஆனால் போத்தலைத் திறக்க முன் கணக்கைப் பாருங்கள். மஞ்சளில் குர்க்குமின் என்ற பொலிபீனோல் ஏறக்குறைய நூறில் மூன்று பங்குதான். 500 மில்லிகிராம் குர்க்குமின் உள்ள ஒரு குளிசை, கிட்டத்தட்ட 17 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். ஒரு குடும்பத்துக் கறிக்கு அரைத் தேக்கரண்டி போடுகிறோம். சமையலில் எங்கள் பாட்டன் பூட்டன் கண்ட அளவே வேறு.

குர்க்குமின் சாதாரணமாக உடம்பில் ஏறாது. 1998 இல் பெங்களூரில் ஓர் ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகிலுள்ள பிப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் ஏறியது இருபது மடங்கு கூடியது. அதனால் இப்போது குளிசைகளில் பிப்பெரினையும் சேர்க்கிறார்கள். பிப்பெரின் வேறு மருந்துகள் ஈரலில் உடைவதையும் மாற்றும் என்பதை லேபலில் எழுதுவதில்லை. இத்தாலியில் 2019 இல் மஞ்சள் குளிசை எடுத்தவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி வந்து அரசு எச்சரிக்கை விடுத்தது. பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசைகளிலும் இப்படித்தான்: ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எபிகலோகற்றெக்கின் கலேற்று என்ற பச்சைத் தேயிலைப் பொலிபீனோலை எடுப்பது ஈரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் சொன்னது. தேநீராகக் குடிப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே ஈரல் கொழுப்பு என்று எழுதியிருப்பதால், இரண்டு போத்தலையும் ஓரமாக வையுங்கள்.

குளிசையாக்கினால் பலன் கூடும் என்பதற்கும் உறுதி இல்லை. அமெரிக்காவில் 21,442 வயதானவர்களில் பாதிப் பேருக்குச் சில வருடங்கள் கொக்கோவின் பொலிபீனோலை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் வீதமும், மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாகச் சலரோகம் வருவது குறையவில்லை. மகளிடம் அடுத்த முறை நல்ல நடைச் சப்பாத்து ஒரு சோடி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். தாவரப் பொலிபீனோல் ஒன்றிலிருந்து உண்மையில் பயன்படும் சலரோக மருந்து ஏதாவது வந்திருக்கிறதா, அல்லது எல்லாம் எலிக் கதைதானா?
– மாணவன், திருநெல்வேலி

வந்திருக்கிறது, தம்பி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உமக்கு நீண்ட பதில்.

1835 இல் ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் அப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புளோரிசின். அது ஒரு பொலிபீனோல். கசப்பாக இருந்ததால் காய்ச்சல் மருந்தாகும் என்று நினைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1886 இல், ஜேர்மனியில் வொன் மேரிங் அதைக் கொடுத்தபோது சிறுநீரில் சீனி கொட்டியது. ஏன் என்று விளங்க இன்னொரு நூறு வருடம் எடுத்தது. எங்கள் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோசை வடித்துவிட்டு, முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் அந்த வாசலைப் புளோரிசின் அடைக்கிறது.

பிறகு ஏன் அதையே மருந்தாகக் கொடுக்கவில்லை? வாயால் கொடுத்தால் குடல் அதை உடைத்துவிடும். குடலிலுள்ள இதே மாதிரி வாசலையும் அடைப்பதால் வயிற்றோட்டம் வரும். இரசாயனவியலாளர்கள் அதன் அமைப்பை மாற்றினார்கள்: அதிலுள்ள சீனிப் பகுதியையும் மற்றப் பகுதியையும் இணைத்த ஒட்சிசனை எடுத்துவிட்டு நேரே காபனோடு இணைத்தார்கள். குடல் உடைக்க முடியவில்லை; சிறுநீரக வாசலை மட்டும் பிடித்தது. அப்படி வந்த டபக்ளிபுளோசினுக்கு 2012 இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. எம்பக்ளிபுளோசினும் அதே குடும்பம். இன்று யாழ்ப்பாணத்திலும் பலர் இவற்றைப் போடுகிறார்கள். சீனியோடு, இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கின்றன.

சலத்தோடு சேர்த்தே சலரோகம் என்று பெயர் வைத்தார்கள் எங்கள் முன்னோர். அதே சலத்தின் வழியே சீனியை வேண்டுமென்று வெளியேற்றும் மருந்து, ஒரு மரப்பட்டையின் கசப்பிலிருந்து 177 வருடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. பட்டையை அவித்துக் குடித்த யாருக்கும் அது கிடைத்திருக்காது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த '-க்ளிபுளோசின்' குளிசை போட்டால் ஒன்று சொல்லுங்கள்: கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணீருமாக ஆறு நாள் விரதம் இருக்க நினைத்தால், டொக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. பட்டினியோடு இந்தக் குளிசையும் சேர்ந்தால் இரத்தம் அமிலமாகும். அப்போது சீனி அதிகம் ஏறாமலேயே ஆள் விழுந்துவிடக்கூடும். சத்தி, வயிற்றோட்டம் வரும் நாட்களிலும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி: கொலஸ்ரோலுக்கு பிலிம்பிக்காயை அரைத்து ஒரு கிளாஸ் சாறு குடிக்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

குடிக்கக் கூடாது. அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிந்து அதை அடைக்கும். கேரளத்தில் கொலஸ்ரோலுக்கென்று இந்தச் சாற்றைக் குடித்த பத்துப் பேரின் சிறுநீரகம் செயலிழந்ததை 2013 இல் டொக்டர்கள் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. மீன்கறிக்குப் புளியாக இரண்டு காய் போடுவது வேறு. சாறு வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சலரோகம், அப்பாவுக்குக் கொலஸ்ரோல், எனக்கு 35 வயதிலேயே வயிறு. மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைக்க என்ன செய்யலாம்? குரக்கன் புட்டு மூன்று நேரமும் கொடுக்கலாமா? கத்தரிக்காய் கிரந்தி என்று அம்மா தொடமாட்டா.
– வாசகி, உரும்பிராய்

முதலில் உங்கள் வயிற்றை ஒரு நாடாவால் அளவுங்கள். தெற்காசியப் பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. எல்லை. அதைத் தாண்டி, பிறஷர், வெறுவயிற்றுச் சீனி, இரத்தக் கொழுப்பு என்பவையும் ஏறத் தொடங்கினால் அதைத்தான் அனுசேபக் கோளாறு என்கிறோம். 35 இல் கண்டுபிடித்தால் திருப்ப முடியும்.

குரக்கனின் பொலிபீனோல் அந்தச் செங்கபில உமியில்தான் இருக்கிறது. அது மாப்பொருள் நொதியங்களை மந்தப்படுத்துவது ஆய்வுகூடத்தில் தெரிந்த விஷயம். ஆனால் குரக்கன் மா என்றாலும் மாதான். பவுடர் போல நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சீனி வேகமாக ஏறும். கொரகொரப்பாக அரைத்து, ஒரு நேரம், ஒரு சிறு நீத்துப்பெட்டி அளவு புட்டு போதும். அதோடு பாதிக் கோப்பையை மரக்கறி நிரப்பட்டும். மதியம் தீட்டாத சிவப்புக் குத்தரிசி. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் வாங்குங்கள்; தவிட்டின் சிவப்பும் பொலிபீனோல்தான். தவிட்டைத் தீட்டினால் அதுவும் போய்விடும்.

உரும்பிராயில் இருந்துகொண்டு வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. உரிக்கும்போது காய்ந்த தோலை மட்டும் எடுங்கள். குவர்செற்றின் அதிகம் இருப்பது மேலேயுள்ள சதைப்பற்றான முதல் இரண்டு அடுக்கில். அவசரத்தில் அதையும் சேர்த்துக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் கொதிக்கும். பச்சையாகச் சம்பலில் போட்டால் இன்னும் நல்லது. அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் சத்தும் அதோடு போகும்.

கத்தரிக்காயின் ஊதாத் தோலில் நாசுனினும், சதையில் குளோரோஜெனிக் அமிலமும் உண்டு. கோப்பியிலும் இதே குளோரோஜெனிக் அமிலம்தான். கத்தரிக்காயை வெட்டினால் கறுப்பது அதனால். அம்மாவுக்கு உண்மையில் தோலில் சொறி வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால், சுட்டுத் தோலுரிக்காமல் பால்கறியாகவோ சம்பலாகவோ செய்து கொடுங்கள். பொரித்த குழம்பு மட்டும் வேண்டாம்; கத்தரிக்காய் எண்ணெயைப் பஞ்சு போலக் குடிக்கும்.

அப்பா கொலஸ்ரோலுக்கு ஸ்ரற்றின் குளிசை போடுகிறார் என்றால் பம்பளிமாசைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் குளிசை போடுபவர் வீட்டில் இருந்தால், கீரையைத் திடீரென்று கூட்டாமலும் குறைக்காமலும் ஒரே அளவில் வையுங்கள்.

கேள்வி: கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் வருகிறது. வீட்டு வளவில் மரம் நிற்கிறது. சலரோகக்காரனுக்கு ஒரு துண்டாவது உண்டா?
– வாசகர், நல்லூர்

உண்டு, ஐயா. நடுத்தரப் பழத்தில் பாதி. சோறு தின்ற கையோடு வேண்டாம். பின்னேரம் நாலு மணிக்கு, அன்றைய பிளேன்ரீக்குப் பனங்கட்டியை விட்டுவிட்டு. சாறாக அடிக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துச் சீனி பாருங்கள். மெசினில் வரும் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். மரத்தில் மிச்சம் இருப்பதை அயலட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.